கூடத்தில் ஒரு ஐசியூ

ஐசியூவில் இருப்பவரை வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் பேச்சை எடுத்த உடனே வீட்டில் எல்லோரும் கேட்பது, கட்டில் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், ஆக்சிஜன் மெஷினை வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பதைத்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது ராத்திரி இரண்டு மணிக்கு யார் முழித்திருப்பார்கள் என்பதை. அதற்கு ஆள் பெயரோடு பதில் வரும்வரை எந்த மெஷினையும் வீட்டுக்குள் இறக்க வேண்டாம்.

அம்மாவுக்குப் பக்கவாதம். மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டு வைத்த ட்ரக்கியாஸ்டமி குழாய், உணவு விட மூக்கில் ரைல்ஸ் டியூப், யூரின் குழாய், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜன். வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள், பிபி நிலையாக இருந்தது, ஆனால் வார்டில் இவ்வளவு கவனிக்க ஆள் இல்லை என்று ஐசியூவிலேயே வைத்திருந்தார்கள். விளக்கே அணையாத அறையில் வயதானவர்கள் நாள்கணக்கில் கிடந்தால் பகல் எது இரவு எது என்று தெரியாமல் மனம் குழம்பிவிடும், டெலிரியம் என்பார்கள். அம்மா குழாயைப் பிடுங்கப் பார்த்ததால் அசையும் கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அதோடு ஐசியூவில் ஒட்டிக்கொள்ளும், சாதாரண மருந்துக்கு மசியாத கிருமிகள் பற்றிய பயம், தினமும் கையில் கொடுக்கும் பில். டாக்டரே ஒருநாள், "வீட்டுல செட்டப் பண்ண முடியுமான்னு பாருங்க" என்றார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துகொண்டே படிக்க வேண்டாம். குழாய் எடுத்தாயிற்று, அம்மா பேசுகிறாள், பெரும்பாலும் எங்களைத் திட்டுகிறாள். இதைப் பற்றிக் கேட்டு போன் செய்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

எல்லோரையும் இப்படி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பிபியைத் தூக்கிப் பிடிக்க டிரிப்பில் மருந்து ஓடிக்கொண்டிருப்பவர், வென்டிலேட்டர் செட்டிங்கை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பவர், காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் அடிக்கிறவர் இவர்களுக்கெல்லாம் "வீட்டிலேயே ஐசியூ போட்டுத் தருகிறோம்" என்று யார் வந்து சொன்னாலும் நம்பாதீர்கள். நோய் ஓரளவு நிலைத்துவிட்டு, கவனிப்பு மட்டும் நிறைய தேவைப்படுகிறவர்களுக்குத்தான் வீடு சரிப்படும். பக்கவாதம், தலையில் அடி, தண்டுவடக் காயம், நரம்பு நோய்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் இப்படி. ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்று நன்றாகப் பாருங்கள், உள்ளே நடப்பதில் பெரும்பாலானது கைவேலை. சளி எடுக்கிறார்கள், திருப்பிப் போடுகிறார்கள், வாயைத் துடைக்கிறார்கள், குழாயில் உணவு விடுகிறார்கள், மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுகிறார்கள். மெஷின் கத்தினால் ஓடிவர ஓர் ஆள் எப்போதும் இருக்கிறார். அந்த ஆளை வீட்டில் உண்டாக்குவதுதான் பெரிய வேலை, மற்றதெல்லாம் போனில் ஆர்டர் செய்தால் வேனில் வந்து இறங்கிவிடும்.

நான், அண்ணி, தங்கை மூவரும் டிஸ்சார்ஜுக்கு முன்பே ஐசியூவுக்குள் போய்க் கற்றுக்கொள்ள அனுமதி கேட்டோம். முதலில் முடியாது என்றார்கள், டாக்டர் சொன்ன பிறகு விட்டார்கள். நாகர்கோவில் பக்கத்து சிஸ்டர் ஒருவர்தான் எங்களுக்கு வாத்தியார். சளி எடுப்பது எப்படி என்று அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் கை கழுவி, கிளவுஸ் போட்டு, உறையிலிருந்து கத்தீட்டரை, அதாவது சளியை உறிஞ்சும் மெல்லிய குழாயை, நுனி எதிலும் படாமல் உருவ வேண்டும். அதன் பக்கவாட்டுத் துளையை விரலால் மூடாமல், அதாவது உறிஞ்சல் இல்லாமல், கழுத்துக் குழாய்க்குள் விட வேண்டும். இருமல் வந்ததும் லேசாகப் பின்னால் இழுத்து, அப்புறம்தான் துளையை மூடி, விரலில் உருட்டிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். மொத்தமும் 10 விநாடிக்குள், மிஞ்சினால் 15. "நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யுங்க, உங்களுக்கு எப்ப முட்டுதோ அப்ப அவங்களுக்கும் முட்டும்" என்றார் சிஸ்டர். கடிகாரமே தேவைப்படவில்லை.

சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினில் அழுத்தம் 100 முதல் 120 எம்எம்எச்ஜி வரை இருந்தால் போதும், சளி கெட்டியாக இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே புண்ணாகி ரத்தம் வரும். கத்தீட்டரின் பருமன் குழாயின் உள்துளையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அம்மாவுக்கு 8 நம்பர் குழாய், அதற்கு 12 நம்பர் கத்தீட்டர் (இரண்டு நம்பரும் வேறு வேறு அளவுமுறை), வெள்ளை மூடி போட்டது. பச்சை மூடி 14. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பச்சையைக் கட்டிக் கொடுப்பார், வாங்காதீர்கள்.

இன்னொன்று, மூக்கின் வேலையை நாம் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்புவது மூக்கு. கழுத்தில் துளை போட்டு நேராக மூச்சு விட்டால் இது எதுவும் நடக்காது, சளி காய்ந்து பசை மாதிரி ஆகி, ஒருநாள் கட்டியாகக் குழாயை அடைத்துவிடும். இது நிமிடக் கணக்கில் உயிரை வாங்கும் விஷயம். அதனால்தான் எச்எம்இ என்று குழாய் வாயில் மாட்டும் சின்ன ஃபில்டர், சலைன் வைத்து நெபுலைசர், உள்குழாயைத் தினமும் கழற்றிக் கழுவுவது எல்லாம். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் அம்மாவின் சளி கெட்டியாவதை நாங்களே பார்த்தோம். சளியின் நிறத்தையும் தினம் நோட்டில் எழுதுவோம். வெள்ளை என்றால் நிம்மதி, மஞ்சளோ பச்சையோ ஆகி நாற்றமும் வந்தால் அன்றைக்கே டாக்டருக்கு போன்.

சரி, இடம். எங்களுடையது பழைய நீள வீடு: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு. அம்மாவின் அறை சின்னது, கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும். இரண்டு பக்கமும் ஆள் நிற்கவும், அவசரத்தில் தலைமாட்டில் நின்று வேலை செய்யவும் இடம் வேண்டும் என்பதால் கூடத்துக்கு வந்தோம். ரேழியில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று முன்னாலேயே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஃபௌலர் கட்டில், அதன்மேல் காற்று மாறிமாறி நிரம்பும் ஏர் பெட். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங் சரிபார்த்து, தனி எம்சிபி போட்டு இரண்டு 15 ஆம்ப் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் செருகுவது வேண்டாம்.

கூடத்தில்தான் சாமி அலமாரியும் இருந்தது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் துணியிலும் படுக்கையிலும் தங்கி, பொறி பட்டால் பக்கென்று பிடித்துக்கொள்ள வைக்கும். சாமியைப் பின்கட்டுக்கு மாற்றியதில் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கொசுவத்திக்குப் பதில் கொசுவலை. அடுத்து அத்தை, வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து விபூதியும் திருச்சாந்துருண்டையும் கொண்டுவந்தார். விபூதியை நெற்றியில் இட்டு, "ஊ" என்று ஊதப் போனபோது தங்கை பாய்ந்து கையைப் பிடித்துவிட்டாள். நெற்றிக்கு ஒரு சாண் கீழே திறந்த குழாய், அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். அத்தை முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம் தண்ணீரில் குழைத்து இட்டோம், எல்லோருக்கும் சமாதானம். முகத்துக்குப் பவுடரும் அப்படித்தான், போடவே கூடாது.

பார்க்க வருகிறவர்கள் தனிப் பிரச்சினை. மூக்கில் குழாய் இருப்பவருக்குச் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வந்து குவிந்தன. அதையாவது நாங்கள் சாப்பிட்டுக்கொள்ளலாம், இருமிக்கொண்டே "மாஸ்க் எல்லாம் எதுக்குப்பா" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்கிற உறவினரை என்ன செய்வது? திண்ணையில் ஒரு பெஞ்சு போட்டு அங்கேயே காபி கொடுத்து அனுப்பினோம். கெட்ட பேர் வந்தது, வரட்டும்.

கரண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெஷின் விற்பவர்கள் இதைப் பேசுவதில்லை. கான்சன்ட்ரேட்டர் என்கிற ஆக்சிஜன் மெஷினுக்குள் ஆக்சிஜன் நிரப்பி வைத்திருப்பதில்லை. அது அறைக்காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற பொருளில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே தருகிறது. கரண்ட் போனால் அந்த நிமிடமே நின்றுவிடும். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீடுகளில் இருக்கும் 150 ஏஎச் பேட்டரி ஒன்று, ஃபேன் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால்கூட மூன்று, நான்கு மணி நேரம்தான் தாங்கும், பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியமோ சாயங்காலமோ கொடுப்பார்கள், அதற்கே இது காணாது. அதனால் சிலிண்டர் கட்டாயம். சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும். ஆள் உயரப் பெரிய டி டைப்பில் சுமார் 7000 லிட்டர், இரண்டு நாளுக்கு மேல் ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, ஐப்பசி கார்த்திகையில் நோயாளியை வைத்துக்கொண்டு அதை மறந்துவிட முடியாது. சிலிண்டரைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள், சாவியை அதிலேயே தொங்கவிடுங்கள், வாரம் ஒருதரம் திறந்து கேஜைப் பாருங்கள். நிறைய வீடுகளில் சிலிண்டர் இருக்கும், ரெகுலேட்டர் மாட்டத் தெரிந்த ஆள் வெளியூரில் இருப்பார்.

சக்‌ஷனுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காலால் மிதிக்கும் சக்‌ஷன் மெஷின் ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987ஐயும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி லைன்மேனிடம் "வீட்டில் ஆக்சிஜன் பேஷண்ட்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் லைன்மேன் அதற்கப்புறம் நிறுத்துவதற்கு முதல் நாளே போன் செய்துவிடுவார்.

கட்டில் பக்கத்தில் கை நீட்டினால் எட்டும்படி மூன்று சாமான்கள் எப்போதும் இருக்க வேண்டும்: அம்பு பேக், அதே அளவு ஸ்பேர் குழாய் ஒன்று, ஒரு சைஸ் சின்னது ஒன்று. அம்பு பேக் என்பது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது வென்டிலேட்டர்கள் போதாமல், மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பையை அழுத்தி நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். இன்றைய ஐசியூவே அங்கிருந்துதான் ஆரம்பம் என்கிறார்கள். தானாக உப்பும் இந்த அம்பு பேக்கும் அதே டென்மார்க்கில் சில வருஷம் கழித்து வந்ததுதான். அதைப் படித்த அன்றைக்கு, ராத்திரி ஷிஃப்ட் எனக்குக் கொஞ்சம் லேசாகத் தெரிந்தது.

ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஏஜென்சி ஒன்றின் மூலம் ஆள் வைத்தோம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஐடி கார்டு, "சிஸ்டர்" என்றுதான் அனுப்பினார்கள். அந்தப் பெண் நல்ல பெண், முகம் துடைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் பொறுமையாகச் செய்தார், ஆனால் ட்ரக்கி குழாயை வாழ்நாளில் பார்த்ததில்லை. தப்பு அவருடையது இல்லை. நர்சிங் படித்தவருக்கான ரேட் வாங்கிக்கொண்டு அட்டெண்டரை அனுப்பிய ஏஜென்சியுடையது. கேட்டால் "டிரெயினிங் கொடுத்துத்தான் அனுப்புறோம்" என்றார்கள். ஆள் வருவதற்கு முன் ஜிஎன்எம்மா, பிஎஸ்சி நர்சிங்கா, நர்சிங் கவுன்சில் பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வந்த பிறகு ஒரே கேள்வி: "குழாய் மொத்தமா கழன்று வெளியே வந்துட்டா முதல்ல என்ன செய்வீங்க?" ஸ்பேர் குழாய், அம்பு பேக், ஆக்சிஜன், உதவிக்கு ஆளைக் கூப்பிடுவது இதெல்லாம் பதிலில் யோசிக்காமல் வர வேண்டும். "டாக்டருக்கு போன் பண்ணுவேன்" என்று மட்டும் சொன்னால் அவர் அட்டெண்டர்தான், அந்தச் சம்பளம் கொடுத்து அந்த வேலையை மட்டும் கொடுங்கள். கடைசியில் நாங்கள் பகலுக்குப் படித்த நர்ஸ் ஒருவர், இரவுக்கு எங்களுக்குள் முறை என்று வைத்துக்கொண்டோம். பத்திலிருந்து இரண்டு ஒருவர், இரண்டிலிருந்து ஆறு இன்னொருவர், மூன்றாவது ஆளுக்கு அன்று முழுத்தூக்கம். இந்த மூன்றாவது ஆள் இல்லையென்றால் ஒரு மாதத்தில் வீட்டில் சண்டை நிச்சயம். மகன் பகலில் ஆபீஸ் போவான், மருமகள் எல்லாம் பார்த்துக்கொள்வாள் என்று பேசாமலே முடிவாகிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன், அது கவனிப்பு ஏற்பாடே இல்லை.

உணவு: கஞ்சி, பருப்புத்தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, மோர், டயட்டீஷியன் சொன்ன புரதப் பவுடர். மிக்சியில் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டித்தான் விட வேண்டும், ஒரு கேழ்வரகு உமி போதும் குழாய் அடைக்க. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி விட வேண்டும், விட்ட பிறகும் ஒரு மணி நேரம் இறக்கக் கூடாது, இல்லையென்றால் மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா. ஒவ்வொரு முறையும் உணவுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவணும். மாத்திரைகளில் சிலவற்றைப் பொடிக்கவே கூடாது, மெதுவாகக் கரைவதற்காகச் செய்தவற்றைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும். மருந்துச்சீட்டை நீட்டி, எதையெல்லாம் பொடிக்கலாம் என்று டாக்டரிடம் டிக் அடித்து வாங்கிவிடுங்கள். ரைல்ஸ் டியூப் வெளியே வந்துவிட்டால் நீங்களே திரும்பப் போடாதீர்கள்.

படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். ஏர் பெட் போட்டுவிட்டோமே என்று திருப்பாமல் விடுவார்கள். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணிக்கொரு தரம் இடது, மல்லாக்க, வலது என்று மாற்றியே ஆக வேண்டும். தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது இடுப்புக்குக் கீழே, குதிகால், காதுமடல் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருக்கிற இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளிறாமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

செலவு பற்றிச் சுருக்கமாக. கட்டில், கான்சன்ட்ரேட்டர், சக்‌ஷன் மெஷின் மூன்றின் ஒரு மாத வாடகை எங்களுக்கு ஒருநாள் ஐசியூ பில்லுக்குள் அடங்கியது, ஆள் சம்பளமும் கத்தீட்டர், கிளவுஸ் போன்றவையும்தான் பெரிய செலவு. இன்சூரன்ஸில் டொமிசிலியரி என்று, வீட்டிலேயே தரும் சிகிச்சைக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு நகர்த்த முடியாத நிலை அல்லது அங்கே படுக்கை இல்லாத நிலைக்கானது அது. டிஸ்சார்ஜுக்குப் பின் இத்தனை நாள் செலவு என்று பல பாலிசிகளில் தருவார்கள், அதில் மருந்தும் டெஸ்டும் வரும், மெஷின் வாடகையும் அட்டெண்டர் சம்பளமும் பெரும்பாலும் வராது. வீட்டுக்கு வருவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது, அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், கௌரவம் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

யாரும் வாய்விட்டுப் பேசாத இன்னொரு விஷயம் இருக்கிறது. திடீரென்று மோசமானால் திரும்பவும் வென்டிலேட்டருக்குக் கொண்டுபோவதா, வேண்டாமா? அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை ஒன்று சொல்வாள், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது அதைப் பேச முடியாது. அம்மா தெளிவாகத் தலையாட்ட ஆரம்பித்ததும் டாக்டரை வைத்துக்கொண்டு அவளிடமே கேட்டோம். உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. அம்மா வேண்டும் என்று தலையாட்டினாள். அதுவும் ஒரு தெளிவுதான், எங்களுக்குள் இருந்த முணுமுணுப்பு அன்றோடு நின்றது.

அதனால் அவசரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினோம். 108, டாக்டர் எண், போக வேண்டிய ஆஸ்பத்திரி, குழாயின் அளவு, எப்போது மாற்றியது, தினசரி மருந்துகள், ஒவ்வாமை, வழக்கமான பிபியும் ஆக்சிஜன் அளவும். வீட்டு முகவரிக்குக் கீழே அடையாளமும் வேண்டும், பதற்றத்தில் போனில் நம் தெருப் பெயரே நமக்கு வராது. தாளுக்கு லேமினேஷன் போடாதீர்கள், மருந்து மாறும்போது அடித்து எழுத வேண்டியிருக்கும்.